வெயிலில் நின்ற வண்டி

ரங்கராஜுக்கு 'வேண்டாம்' என்ற சொல் வாயில் வராது. சர்க்கரை இருநூற்று நாற்பதில் நிற்கிற மனிதர், பந்தியில் மூன்றாம் முறை பாயசம் கொண்டுவந்தாலும் டம்ளரை நீட்டிவிடுவார். ஆசையாக ஊற்றுகிறார்கள், எப்படி மறுப்பது என்பார். இத்தனைக்கும் பம்ப் கம்பெனியில் முப்பத்திரண்டு வருஷம் மோட்டார் சோதிக்கும் வேலை பார்த்தவர். மோட்டாரில் குறை இருந்தால் முதலாளியே பக்கத்தில் வந்து நின்றாலும் முத்திரை குத்தமாட்டார். மோட்டாரிடம் காட்டிய அந்தக் கறாரை மனிதர்களிடம் காட்டத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மனைவி செல்லாத்தாளுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். ஆறு வருஷமாக மூச்சு மெஷினை முகத்தில் மாட்டிக்கொண்டுதான் படுக்கிறார். ஒருமுறை சென்னிமலையில் கல்யாண மண்டபத்தில் கரண்ட் போய், திணறி எழுந்தவரைச் சுற்றி நின்று மொத்த உறவும் விசிறியது. அந்த வெட்கத்துக்குப் பிறகு அவர் எந்த ஊரிலும் தங்கியதில்லை. சொந்தத் தங்கையின் புதுமனைப் புகுவிழாவுக்குக்கூடச் சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிட்டார்.

அதற்காகவே ரங்கராஜ் பழைய வேன் ஒன்றை வாங்கி, சரவணம்பட்டி வீட்டு வாசலில் நிறுத்தி ஒன்றரை வருஷம் இழைத்தார். உள்ளே இரண்டு படுக்கை, கூரையில் சோலார் தகடு, படுக்கைக்கு அடியில் லித்தியம் பேட்டரி. காந்திபுரத்து எலக்ட்ரீஷியன் ஜபருல்லா பேட்டரியை மாட்டிக்கொடுத்து, எஞ்சினை ஓடவிட்டு இதைச் சார்ஜ் செய்ய இப்போதைக்கு முயற்சி பண்ணாதீங்க, டைனமோ சூடேறிக் கருகிவிடும், இரண்டுக்கும் நடுவில் வைக்கிற சாமான் வர ஒரு மாதமாகும் என்று சொல்லி அனுப்பினார். வெயில் இருக்கையில் என்ன கவலை என்று கிளம்பினார்கள். நாலு ராத்திரி. இந்த ஒரு தடவை சரிப்பட்டால் பார்க்கலாம், இல்லையென்றால் வண்டியை விற்றுப்போடுங்க என்று செல்லாத்தாள் முன்னாலேயே சொல்லியிருந்தார்.

போன இடம் ஆனைமலைப் பக்கம், பெரியப்பா மகன் திருமலைசாமியின் மேட்டுக்காடு. கரண்ட் கம்பியே எட்டாத மானாவாரி நிலம். திருமலைசாமி இரண்டு நாளாக வேப்பமரத்தடியைக் கூட்டிப் பெருக்கித் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்.

"தம்பி, வண்டிய இங்க உடு. அம்மணிக்குக் குளுகுளுன்னு இருக்கும்."

நம் ஊரில் வண்டியோ மாடோ மனிதரோ, வந்தவரை நிழலில் நிறுத்துவதுதான் மரியாதை. சோலாருக்கு அந்த மரியாதை ஆகாது என்று ரங்கராஜுக்குத் தெரியும். ஆனாலும் நிறுத்தினார்.

வெள்ளிக்கிழமை நூறு காட்டிய மீட்டர் சனிக்கிழமை காலையில் அறுபத்தைந்துக்கு வந்தது. பகலெல்லாம் நிழலில் நின்று மூன்று ஏறியது. ஞாயிற்றுக்கிழமை காலை முப்பத்து மூன்று, சாயங்காலம் முப்பத்தாறு. மெஷினும் ஃபேனும் சேர்ந்து ஒரு ராத்திரிக்கு முப்பத்தைந்து தின்னும். விடிகிறவரை தாங்கும், காலையில் அண்ணனிடம் எப்படியாவது சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு, மீட்டர் மேல் துண்டைத் தொங்கவிட்டுவிட்டு, வெளியே கயிற்றுக் கட்டிலில் போய்ப் படுத்தார். ஆள் படுத்ததும் தூங்கிவிடுகிற ரகம்.

திங்கள் காலை, ஒன்றோ இரண்டோ இருக்கும் என்று பயந்துகொண்டே துண்டை விலக்கினார். இருபத்தேழு.

ஒரு நொடி சந்தோஷப்பட்டார். பிறகுதான் சோதனைக்காரன் புத்தி விழித்துக்கொண்டது. ஒன்பதுதான் குறைந்திருக்கிறது. அது ஃபேன் மட்டும் தின்கிற அளவு.

செல்லாத்தாள் படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"மெஷின் போடலியா?"

"தூக்கம் வரலீங்க. சும்மா உக்காந்திருந்தேன்." பிறகு அவர் கையிலிருந்த துண்டைப் பார்த்து, "ராத்திரியே மீட்டரப் பாத்துட்டேன். பாதில நின்னு போச்சுன்னா நீங்க பயந்துக்குவீங்க. உங்க அண்ணன்கிட்டச் சொல்லவும் உங்களுக்கு வாய் வராது" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் ரங்கராஜைச் சுட்டது. இத்தனை வருஷம் தான் நல்லவன் என்று பெயர் வாங்கியதெல்லாம் யார் செலவில் என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

திருமலைசாமி பால் சொம்போடு வரும்போதே ரங்கராஜ் நடுக்காட்டில் எதிர்கொண்டார்.

"அண்ணா, எங்களுக்கு நெழலு வேண்டாமுங்க."

காரணத்தை முழுதாகச் சொன்னார். அப்படியானால் ஊருக்குள் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்றார் திருமலைசாமி. அதுவும் வேண்டாமுங்க, அவள் இந்த வண்டியை நம்பித் தூங்கவேண்டும் என்றார் ரங்கராஜ். திருமலைசாமி சொம்பைக் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தார். அறுபத்து மூன்று வருஷத்தில் முதல்முறையாக ஒருவர் முகம் தன்னால் சுருங்கியதை ரங்கராஜ் பார்த்தார்.

வண்டியைப் பொட்டல் வெளியில் கொண்டுபோய் நிறுத்தினார். பத்து மணிக்கெல்லாம் மீட்டர் விறுவிறுவென்று ஏற ஆரம்பித்தது. செல்லாத்தாள் பட்டப்பகலில் மெஷினை மாட்டிக்கொண்டு படுத்தார். மெஷின் ஓட ஓட, எண்ணும் ஏறிக்கொண்டே இருந்தது. ரங்கராஜ் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கதவோரம் உட்கார்ந்து அந்தச் சீரான மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

உச்சி வெயிலில் திருமலைசாமி திரும்பி வந்தார். தோளில் ஓலையில் பின்னிய இரண்டு தென்னந்தடுக்கு. ஜன்னலோரம் தூங்குகிறவரின் மேல் வெயில் விழுவதைப் பார்த்துவிட்டு, கூரையில் இருந்த சோலார் தகட்டை ஒருதரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"நெழலு எதுவரைக்கும் விழுகலாமுன்னு சொல்லு தம்பி. அதுக்கு மேல நான் போகமாட்டேன்."