செல்வமலரின் வயிற்றெரிச்சல்

மொன்றியலின் லாசால் பகுதியிலிருந்து பஸ்ஸும் மெற்றோவும் பிடித்து ஆய்வுகூடத்துக்கு வந்து, குரங்குகளின் மலத்திலிருந்து மரபணுவைப் பிரித்தெடுப்பதுதான் செல்வமலரின் வேலை. ஆனைமலைக் காட்டில் அந்த மலத்தைப் பொறுக்கி அனுப்புகிறவள் சென்னைப் பெண் கயல். அருகிவரும் சிங்கவால் குரங்குகளோடு அவள் நிற்கும் படம் ஆய்வுகூடச் சுவரில் தொங்கியது. அதைப் பார்க்கும்போதெல்லாம் செல்வமலருக்கு வயிறு எரிந்தது. அவள் ஒரு குரங்கைக்கூடக் காட்டில் கண்டதில்லை.

2006 மாசியில் ஒரு குழாயில் மனித மரபணு கலந்திருந்தது. மொன்றியலுக்குத் திரும்பியிருந்த கயலிடம் செல்வமலர் போனாள்.

“கிளவுஸ் போடாமல் அள்ளியிருக்கிறீர். படம் எடுக்கிறதிலதான் உமக்குக் கவனம்.”

“போட்டிருந்தேனே அக்கா.”

இப்படி நேர்ந்தால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எல்லோருடைய எச்சிலிலிருந்தும் மரபணு எடுத்து வைத்திருந்தார்கள். செல்வமலர் ஆசையோடு ஒப்பிட்டாள். கயலுடையதோடு பொருந்தவில்லை, தன்னுடையதோடு பொருந்தியது. முகக்கவசத்தை இறக்கிவிட்டு, திறந்த குழாயின் மேல் குனிந்து, கயலைத் திட்டிக்கொண்டே வேலை செய்த நாள் நினைவுக்கு வந்தது.

கயலிடம் போய் அதைச் சொன்னாள். கயல் ஏசியிருந்தால் பொறுத்திருப்பாள். அவளோ சிரித்தாள்.

“விடுங்கக்கா. இப்ப நீங்களும் எங்க குரங்குக் கூட்டத்துல ஒருத்தி.”

இப்படிச் சிரிக்கவும் இவளுக்கே வாய்த்திருக்கிறதே என்று செல்வமலருக்கு மறுபடி வயிறு எரிந்தது.