கண்ணாடியின் அந்தப் பக்கத்து விரல்

இதில் ஒரு சொல் பொய்யென்றால் எனக்கு மிச்சமிருக்கும் மூன்று பற்களும் இன்றே கொட்டட்டும்.

போலீஸ் கைரேகைப் பிரிவில் படம் துலக்கும் வேலை ஒருவனுக்கு. திருடன் தொட்டுவிட்டுப் போன மங்கல் தடத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஆளைக் காட்டிக்கொடுக்கிற அளவுக்குத் தெளிவாக்குவான். மனைவிக்கு அவன் இரண்டாம் கணவன். முதலாமவர் அதே பிரிவில் வேலை பார்த்து, மாரடைப்பில் போனவர். உயிரோடு இருப்பவனோடு மல்லுக்கு நிற்கலாம். போய்ச் சேர்ந்தவனோடு? அந்த மகராசன் குறட்டைகூட விட மாட்டாராம்.

அன்று காலை, சுவரில் பதித்திருந்த அவளுடைய கண்ணாடியில் ஒரு பெருவிரல் தடம். சரியாக அவள் கன்னம் தெரிகிற இடத்தில்.

"யாரு தொட்டது?"

"யாருக்குத் தெரியும்? நீங்க இல்லங்க. நீங்கதான் கிட்டயே வர்றதில்லையே."

தடத்தைப் படமெடுத்துக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பினான்.

பகல் 1.05. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். கறுப்பு வெளுப்பு வித்தியாசத்தைக் கூட்டினான். பொடிப் புள்ளிகளை நீக்கினான். அறுந்த கோடுகளைத் துலக்கினான். நடுவில் ஒரு சுழி எழுந்தது... பளிச்சென்று.

1.12. அவனுடைய ரேகை இல்லை. சொந்த ஆட்கள் தவறித் தொட்டதைக் கழிக்க, ஊழியர் அத்தனை பேர் ரேகையும் கோப்பில் உண்டு. அதிலும் பொருந்தவில்லை.

கை கழுவிவிட்டு வந்த மூத்த நிபுணர் எட்டிப் பார்த்தார்.

"ஜன்னல் கண்ணாடியா தம்பி? உள்ள இருந்து தொட்டத வெளிய நின்னு எடுத்தா, எடம் வலமாத்தான் தெரியும். திருப்பிப் போடு."

1.19. திருப்பிப் போட்டான்.

பொருந்தியது.

முதல் கணவர்.

ஜன்னலுக்கு உள்பக்கம் உண்டு. சுவரில் பதித்த கண்ணாடிக்கு...?

1.48. வீட்டில் ஈரத்துணியால் தேய்த்தான். போகவில்லை. நகத்தால் சுரண்டினான். போகவில்லை.

டக்... டக்...

கண்ணாடிக்குள் இருந்து.

மனைவி பக்கம் திரும்பினான். "அவரா, நானா? இப்பவே சொல்லு!"

அவள் தன் பெருவிரலை அந்தத் தடத்தின் மேல் வைத்தாள்.

மெல்ல...

கன்னம் சிவந்தது.

அவன் அன்று முதல் கூடத்தில் படுக்கிறான்.

இத்தனையும் ஒன்று விடாமல் எனக்குச் சொன்னவர் அந்த முதல் கணவர்தான். போன செவ்வாய்க்கிழமை, முடிவெட்டும் கடையில் எனக்கு அடுத்த ஆளாகக் காத்திருந்தபோது.