எட்டெழுத்துப் பெயர்

பிரிஜட் புக்கிட் மேரா பேட்டையில் ஓர் அடுக்குமாடி வீட்டில், பதினோராம் மாடியில் அப்பா மரியஅந்தோணியுடன் இருந்தாள். வயது முப்பத்திரண்டு. ஏழு வருஷமாக ஹார்ட் டிஸ்க் செய்யும் தொழிற்சாலையில் வேலை. கண் மட்டும் தெரிய வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு நாளெல்லாம் டிஸ்க்குகளைத் தொட்டுத் தொட்டு அனுப்புவாள். அதற்குள் என்னதான் வைப்பார்கள் என்று அவள் கேட்டதில்லை, யாரும் சொன்னதுமில்லை. வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது.

1987 மே மாதம் அம்மா அந்தோனியம்மாள் இறந்துபோனாள். நவம்பரில் கல்லறைத் திருநாள் பூசையில் அவள் பெயரை முதல் தடவையாக வாசிப்பார்கள். அதற்காகக் குடும்பத்துக்கு ஒரு துண்டுச்சீட்டில் இறந்தவர் பெயர்களை எழுதிக் கோயிலில் கொடுப்பது வழக்கம். அப்பா செப்டம்பரிலேயே கொடுத்துவிட்டு, அந்த நாளுக்கென்று ஒரு வெள்ளைச் சட்டையும் தேய்த்து வைத்துவிட்டார்.

கோயில் எழுத்தர் எட்மண்டுக்கு அந்த வருஷம் புதுமை செய்ய ஆசை வந்தது. யாரோ தானமாகக் கொடுத்த பழைய கம்ப்யூட்டரில், குடும்பத்தலைவர் பெயரில் ஒவ்வொரு கோப்பாக அறுநூறு பேரை அடித்து ஏற்றினார். சீட்டுகளைக் குப்பையில் போட்டார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான். ஆனால் அந்த மாடு பூசைக்கு மூன்று நாள் முன்னால் படுத்துவிட்டது. ரிப்பேர் கடைக்காரர் வந்து பார்த்தார். பழைய டிஸ்க் செத்துவிட்டது, உள்ளே இருந்தது போனது போனதுதான் என்று சொல்லி, புது டிஸ்க் ஒன்றை விற்றுவிட்டுப் போனார்.

சேதி கேட்டு சனிக்கிழமை மத்தியானம் பிரிஜட் கோயில் ஆபீசுக்குப் போனாள்.

"ஒரு தடவை போட்டு விடுங்கண்ணே. சத்தம் கேக்கணும்."

"சத்தமே வரலை லா. அதுதானே பிரச்சினை."

அவள் பெட்டியில் காதை வைத்துக் கேட்டாள். சுழலும் ஒலி இல்லை. உள்ளே எதுவோ திணறுவது மட்டும் கேட்டது. இது அவளுக்குப் பழகின நோய்.

"இது சாகலை. படிக்கிற தலை சுழல்ற தட்டோட ஒட்டிக்கிச்சு."

"உனக்குக் கம்ப்யூட்டர் தெரியுமாம்மா?"

"தெரியாது. டிஸ்க் தெரியும்."

நாலு திருகாணியைக் கழற்றினாள். வயர்களைப் பிடுங்காமல் டிஸ்க்கை மட்டும் வெளியே எடுத்து, படுக்கைவசமாகக் கையில் ஏந்திக்கொண்டாள். எட்மண்ட் சுவிட்சைப் போட்டதும், இறுகிய ஊறுகாய்ப் புட்டி மூடியைத் திறப்பதுபோல் மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டினாள். டிஸ்க் சுழல ஆரம்பித்தது.

"நிறுத்திராதீங்க. நிறுத்தினா மறுபடி எழும்பாது."

எட்மண்ட் கோப்புகளை டிஸ்கெட்டுகளில் பிரதி எடுத்தார். திரையில் பெயர்கள் வரிசையாக ஓடின. எட்டு ஆங்கில எழுத்துக்கு மேல் அந்தக் கம்ப்யூட்டர் இடம் கொடுக்காது. அப்பா பெயர் 'மரியஅந்த்' என்று வால் அறுந்து வந்தது. அதைப் பார்த்ததும் பிரிஜட்டுக்குப் போன உயிர் வந்தது. புது டிஸ்க்கை அவளே பொருத்தி முடுக்கினாள். எல்லாக் கோப்பும் அதில் ஏறின. ஏழு வருஷத்தில் முதல் தடவையாகத் தன் வேலையை நினைத்து அவளுக்குப் பெருமையாக இருந்தது.

திங்கட்கிழமை பூசையில் சாமியார் பட்டியலை வாசித்தார். ஒவ்வொரு குடும்பம் முடிந்ததும் சபை பதில் சொன்னது.

"மரியஅந்தோணிசாமி குடும்பம், பொங்கோல்."

வேறு பேட்டைக்காரர்கள்; முன்பின் கேட்டிராத நாலு பெயர்கள். அடுத்து மரியதாஸ் குடும்பம். அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். வெட்டினால் மரியஅந்தோணியும் மரியஅந்தோணிசாமியும் ஒரே எட்டெழுத்து என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பின்னால் வந்தவர் முன்னால் இருந்தவர்மேல் ஏறிவிட்டார். பழைய டிஸ்க்கிலும் அம்மா இருந்திருக்கவில்லை. எட்மண்ட் தலையைக் குனிந்துகொண்டார்; இதே பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது, அதை அழித்து எழுதட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டபோது, படிக்காமல் ஆமென்று அழுத்திய கை அவருடையது.

ஊர்ப் பெயரையெல்லாம் மீட்டுக் கொடுத்துப் பெற்றவளை விட்டுவிட்டோமே என்று பிரிஜட் நினைத்துக்கொண்டாள். பட்டியல் முடிந்தது. சாமியார் தாளை மடித்தார்.

பிரிஜட் எழுந்து நின்றாள். கோயிலில் அவள் குரலைத் தனியாக யாரும் கேட்டதில்லை. அப்பா உட்காரச் சொல்லிக் கையை இழுத்தார்.

"அந்தோனியம்மாள்," என்றாள்.

சாமியார் தாளை மறுபடி பிரித்துத் தேடினார். அதற்குள் சபை வழக்கம்போல் பதில் சொல்லிவிட்டது: "நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும் ஆண்டவரே."