ஒரு பாப்பாவுக்கு இத்தனை துணியா?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பெண்கள் சிரித்த சிரிப்பு நமுனுகுல மலைக்கே கேட்டிருக்கும். காரணம் ஒரு கயிறு. அதில் காய்ந்த துணி.

இது பெண்கள் விஷயம். ஆண்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம்... திருப்ப மாட்டீர்கள். தெரியும்.

டவுனில் பேட் என்று பாக்கெட்டில் விற்கிறார்கள். எங்களுக்கு மாதாமாதம் பழைய சேலைத் துணிதான். துவைத்ததை வெளியே போட வெட்கம். கட்டிலுக்கு அடியில், சாக்குக்குப் பின்னால் ஒளித்து வைப்போம். இந்த மழையில் அங்கே எது காயும்? ஈரத்தோடுதான் மறுபடி கட்டுவோம்.

பக்கத்துக் காம்பரா வீட்டு ராசாத்திக்கு அதனால் தொடையெல்லாம் புண். கொழுந்துக் கூடையோடு காலை அகட்டி அகட்டி மலை ஏறினாள். கங்காணி விடுவாரா?

"என்னா புள்ள, வாத்து மாதிரி நடக்குற?"

அவள் வாயே திறக்கவில்லை. வேலையை விட்டு நின்றுவிடவா என்று என்னிடம் வந்து அழுதாள்.

மருத்துவச்சி அம்மாவிடம் கூட்டிப்போனேன். மருந்து கொடுத்தார். கூடவே ஏச்சும் கொடுத்தார்.

"ஈரத்தக் கட்டுனா மருந்து என்னா செய்யும்? சோப்புப் போட்டு அலசி வெயில்ல காயப் போடுங்க. மத்தியானம் ஒருக்கா மாத்துங்க."

மாற்றுவது சுலபம். மழைக்கு இடுப்பில் கட்டும் படங்கு விரிப்பை இரண்டு பேர் அவிழ்த்துப் பிடித்தால் தேயிலைக்கு நடுவில் மறைப்பு ரெடி. ஆனால் வெயில்? மழை விட்டால் அது எல்லாரும் பார்க்கும் லயத்து வாசலில் அல்லவா அடிக்கிறது!

வழி சொன்னவள் கடைசிக் காம்பரா பார்வதி. கைக்குழந்தைக்காரி. அவள் வாசலில் எப்போதும் பிள்ளைத் துணி காயும்.

"எங்க கயித்துல போடுங்கக்கா. யாரு எண்ணிப் பாக்கப் போறா?"

போட்டோம். லயமே போட்டது. ராசாத்திக்குப் புண் ஆறியது. கங்காணிக்கு முன்னால் மலை ஏறினாள்.

அப்புறம் ஞாயிறு வந்தது. லயத்துச் சுகாதாரம் பார்க்கத் தோட்டத்து டிஸ்பென்சரி ஐயாவும் வந்தார். புதிதாக வந்தவர், சின்ன வயது. கயிற்றைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"ஒரு பாப்பாவுக்கு இத்தனை துணியா?"

பார்வதிக்குப் பதற்றம். "வயித்தால போகுதுங்க ஐயா..."

தொலைந்தது!

"இவ்வளவு போனா புள்ள தாங்குமா? லொறியக் கூப்பிடுங்க, பதுளை ஆஸ்பத்திரிக்கு! இது தொத்து வியாதி. துணி எல்லாத்தையும் கொளுத்துங்க!"

பாப்பாவோ கொழுகொழுவென்று உட்கார்ந்து அவர் காலில் போட்ட சப்பாத்தைக் கடிக்கப் பார்க்கிறது. நாங்கள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்குகிறோம். ராசாத்தி மட்டும் சிரிக்கவில்லை. துணி போனால் மறுபடி ஈரம். மறுபடி புண்.

முன்னால் வந்தாள். கங்காணியிடம் வாய் திறக்காத அதே ராசாத்தி!

"பாப்பாவுக்கு ஒண்ணுமில்லீங்க ஐயா. அது எங்க துணி. பொம்பளைங்க மாசத் துணி. மருத்துவச்சியம்மா வெயில்ல போடச் சொன்னாங்க. போட்டிருக்கோம்."

ஐயா தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டார். "நல்லா... நல்லா காயட்டும்" என்றார். வந்த பாதையை விட்டுவிட்டுத் தேயிலைக்குள் புகுந்து நடந்தார்!

அப்போது வெடித்ததுதான் அந்தச் சிரிப்பு.

வெட்கத்துக்கு இருட்டுப் பிடிக்கும். உடம்புக்குப் பிடிக்குமா?

நேற்று என் வாசலிலும் ஒரு கயிறு கட்டிவிட்டேன். பாப்பா துணி என்று சொல்லவும் முடியாது. என் கடைசிப் பிள்ளைக்கு மீசை முளைத்துவிட்டது.