பொடி பிடித்த வலது கை

“…கீழேதான்யா வரும்! மேலேன்னு உனக்கு எவன் சொன்னான்?” என்றார், வெளியூரிலிருந்து பிராக்டிகல் பரீட்சை நடத்த வந்திருந்த எக்ஸாமினர்.

மேஜைமேல் ஒரு தாள். அதில் ஒரே புள்ளியிலிருந்து இரண்டு அம்புகள். முதலாவது கிழக்கே, அடுத்தது வடக்கே. இரண்டு வெக்டரையும் குறுக்காகப் பெருக்கினால் விடை தாளுக்கு மேலே நிற்குமா, கீழே நிற்குமா என்பது கேள்வி. வலது கை விரல்களை முதல் அம்பிலிருந்து இரண்டாவது அம்புக்கு மடக்கினால், கட்டை விரல் காட்டுவதுதான் விடை. அவ்வளவுதான் சங்கதி.

அறுபதுகளில் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் நான் லேப் அட்டெண்டர். எட்டாவது தாண்டாதவன். கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனிலிருந்து தினமும் பாசஞ்சரில் வந்து, போர்டை அழிப்பதற்கு முன் படித்துப் படித்தே எனக்கு இதெல்லாம் தெரியும்.

இந்தப் பெரிய மனிதருக்கு மட்டும் தெரியவில்லை. அவருடைய வலது கையில், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு சிட்டிகை மூக்குப்பொடி. அதைச் சிந்த மனசில்லாமல் இடது கையை நீட்டி விரல்களை மடக்கினார். கட்டை விரல் தரையைக் காட்டியது. ஓ.டி. மீன் மார்க்கெட்டில் ஒரு அம்மா இந்த மாதிரி ஆட்களைக் கண்டால், “சட்டைக்குப் போட்ட கஞ்சி மண்டைக்கும் ஏறிடுச்சு பாரு” என்பாள். அவள் வாய்க்குச் சர்க்கரை போடவேண்டும்.

எதிரே நின்றவர் காட்டுமன்னார்கோயிலில் மாமனாரின் ரைஸ் மில்லில் வேலை பார்ப்பவர். பரீட்சைக்கு மூன்றாவது தடவையாக வந்திருந்தார். பாஸானால் வாத்தியார் வேலை. “இந்தத் தடவயும் கோட்ட வுட்டீங்கன்னா, மில்லோட கெடங்க மாப்ள” என்று மாமனார் சொல்லிவிட்டாராம். காலையில் டீக்கடையில் என்னிடம் சொன்னார்.

“மேலதான் சார். ஸ்பானர கெழக்கேர்ந்து வடக்கால சுத்தினா நட்டு மேலதானே சார் வருது?”

“இது பரீட்சை ஹாலு. உன் மில்லு இல்ல. கீழேன்னு சொல்லு, பாஸ் போடறேன். இல்லாட்டி அடுத்த வருஷம் வா.”

ஒரு வார்த்தை சொன்னால் வேலை. சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன்.

“வலது கையில காட்டுங்க சார்.”

“எந்தக் கையா இருந்தா என்னய்யா? கை கைதான்!”

எத்தனை புத்தகம் படித்தால் இப்படிப் பேச வரும்!

“அந்தப் பொடிய இழுத்துட்டுக் காட்டுங்க சார்,” என்றார் மில்காரர்.

ஹாலில் எல்லாக் கையும் நின்றுவிட்டது. எக்ஸாமினர் முறைத்தார். பொடியை இழுத்தார். வலது கையைத் தாள்மேல் வைத்து, கிழக்கிலிருந்து வடக்காக விரல்களை மடக்கினார். கட்டை விரல் நேரே அவர் முகத்தைப் பார்த்து நின்றது. “தப்பு என் பேரில்” என்று அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. பேனாவைத் திறந்து, பாஸுக்கு வேண்டிய மார்க்கைப் போட்டு, அதற்கு மேல் அரை மார்க்கும் போடாமல், அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.