கூடத்தில் மாட்டிய கழுத்து

குவைத்திலிருந்து லீவில் வந்த குரியாக்கோஸ், மகள் கல்யாணத்தைத் தானே கேமராவில் பிடித்தார். பல வருஷம் கழித்து வந்த வெள்ளத்தில் ஆல்பமெல்லாம் போய்விட்டதால், செத்துப்போன தன் அம்மா, அம்மச்சியின் முகத்தைப் பார்க்க மனைவி ஏலியாம்மாவுக்கு அந்தக் கேசட்தான் மிச்சம். செங்கன்னூர்க் கடையில் கொடுத்துப் பென்டிரைவில் ஏற்றி, டிவியில் போட்டார்கள். குவைத்துக் கூட்டாளிகளுக்குக் காட்டவென்று மனுஷன் பிடித்ததெல்லாம் நகைதான்! அம்மச்சியும் வந்தாள், கழுத்துக்குக் கீழே மட்டும், மருமகன் வாங்கித் தந்த சங்கிலியோடு.

"மோனே, என் மூஞ்சியையும் கொஞ்சம் பிடியேன்" என்று டிவியில் அவள் குரல் மருமகனிடம் கெஞ்சியது.

"சங்கிலி எப்படிப் பளிச்சுனு விழுந்திருக்கு பாத்தியா?" என்றார் குரியாக்கோஸ்.

"பாத்தேன் இச்சாயா, நல்லாவே பாத்தேன்" என்றாள் ஏலியாம்மா.

ஏலியாம்மா அந்தக் கழுத்தையே பெரிசாக்கி, சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். "இது யாரு கழுத்து?" என்று கேட்கிறவர்களிடம், "இச்சாயனைக் கேளுங்க" என்று புருஷனைக் கைகாட்டுகிறாள். விருந்தாளி வந்தால் அவர் இப்போது கொல்லைப்பக்கம் போய்விடுகிறார்.