வேகமாக இறங்கிய தண்ணீர்

என் மகளுக்கு டைபாய்டு வந்தது, பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது. எண்பதுகளின் கடைசி அது. கிழக்குத் தாம்பரத்திலிருந்து மாடம்பாக்கம் போகிற வழியில், புதிதாக மனை பிரித்துப் போட்ட இடத்தில் வீடு கட்டிக் குடிவந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மற்றப் பிள்ளைகள் தேர்வு எழுதிய நாட்களில் அவள் பாயில் சுருண்டு கிடந்தாள். காய்ச்சல் விட்டபோது தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. ஜூனில் மறுபடியும் அதே வகுப்பில், தன்னைவிடச் சின்னப் பெண்களோடு போய் உட்கார்ந்தாள். முதல் நாள் பள்ளிவிட்டு வந்தவள் பையைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். "இந்த வருஷமும் வந்துட்டா என்னம்மா பண்றது?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் மேல் இல்லை, எங்கள் கிணற்றின் மேல். வீடு கட்டியபோது இனிக்க இனிக்க ஊறிய கிணறு அது. பின்னால் மனை வாங்கியவர் எங்கள் கிணற்றோர மதிலை ஒட்டியே செப்டிக் டேங்க் தோண்டிவிட்டார். டாக்டர் அதைக் கேட்டுவிட்டு, "வேற காரணமே தேட வேணாம்மா. ஒண்ணு நல்லா கொதிக்க வச்சுக் குடுங்க, இல்லன்னா நல்ல ஃபில்டரா பாத்து வாங்குங்க" என்றார்.

கொதிக்க வைத்துப் பார்த்தேன். இருந்தது ஒரே சிலிண்டர். அடுத்ததற்குப் பதிவு செய்தால் அது வருவதற்குள் நமக்கு நரை விழுந்துவிடும். ரேஷன் மண்ணெண்ணெயில் ஸ்டவ்வைப் பற்றவைத்தால், தண்ணீரெல்லாம் மண்ணெண்ணெய் நாற்றம் என்று அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். பத்தே நாளில் முடிவு செய்தேன். ஃபில்டர் வாங்குவது, அதுவும் நானே பார்த்து வாங்குவது. அடுத்த மார்ச்சில் இவள் தேர்வு எழுதியே ஆக வேண்டும். அதற்குக் குறுக்கே எது வந்தாலும் ஒரு கை பார்த்துவிடுவது என்று இருந்தேன்.

முதலில் குறுக்கே வந்தவர் என் கணவர். ஏதோ வாரப் பத்திரிகையில் படித்துவிட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று மண்பானை வைத்து, நடுவில் மணலும் கரியும் போட்டால் போதும், அதைவிடச் சுத்தம் உலகத்திலேயே கிடையாது என்றார். 

"அந்த மணலை வாராவாரம் யாரு கழுவறது?"

"நீதான்."

"அப்ப நான் சொல்றதைத்தான் வாங்கணும்" என்று பேச்சை முடித்துவிட்டேன். 

சனிக்கிழமை இருவருமாக மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் இருந்த பாத்திரக்கடைக்குப் போனோம். பிளாஸ்டிக்கில் ஒன்று இருந்தது, பார்க்க அழகாக இருந்தாலும் குழாய் இப்போதே ஆடியது. எவர்சில்வரில் மேலே ஒரு டிரம், கீழே ஒரு டிரம், மேல் டிரம்முக்குள் நிற்கிற இரண்டு வெள்ளைக் கேண்டில்கள். ஊற்றுகிற தண்ணீர் கேண்டிலின் உடம்பு வழியாக ஊறி உள்ளே போய், அதன் காம்பு வழியாகக் கீழே சொட்டும். கரண்ட் வேண்டாம், அடுப்பு வேண்டாம், தண்ணீர் தன் கனத்தில் தானே இறங்கும். அது எனக்குப் பிடித்துவிட்டது. கேண்டில்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, விரலால் தட்டிப் பார்த்து, ஐந்தைத் தள்ளிவிட்டு இரண்டைப் பொறுக்கினேன். கடைக்காரர், "தேங்காய்க் கடையில கூட இவ்ளோ தட்ட மாட்டாங்கம்மா" என்றார். தட்டட்டும் என்று என் கணவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

இவ்வளவு பார்த்து வாங்கியவள் அடுத்து செய்த காரியத்தைத்தான் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு ஸ்பூனுக்குக்கூடப் பெயர் வெட்டாமல் நான் கடையை விட்டு இறங்கியதில்லை. புது எவர்சில்வர் என்றால் பெயர் வெட்ட வேண்டும், அவ்வளவுதான். "ஃபில்டரை யாரும்மா கடன் கேட்டு வரப் போறாங்க?" என்று என் கணவர் கேட்டது காதிலேயே விழவில்லை. இது என் மகளுக்காக வாங்குவது, ஆகவே அவள் பெயர்தான் இருக்க வேண்டும் என்று முன்பே முடிவு செய்திருந்தேன். முன்பக்கம் வெட்டினால் புள்ளி புள்ளியாகப் பளபளப்புப் போய்விடும். மேல் டிரம்மின் அடியில் வெட்டச் சொன்னேன்.

கடை வாசலில் உட்கார்ந்திருந்த பெயர் வெட்டுகிறவர் டிரம்மைக் கவிழ்த்துப் பார்த்தார். "கரண்ட் இல்லக்கா, மிஷின் ஓடாது. உளி வச்சு கையாலதான் அடிக்கணும். அடியில கேண்டிலுக்கு ரெண்டு ஓட்டை கீது பாரு, நடுவுல எடம் கம்மியா கீது."

"பரவாயில்ல, சின்ன எழுத்தா வெட்டு."

"இன்னா பேரு?"

சொன்னேன். நீளமான பெயர். வெட்டி முடித்து நிமிர்ந்தார். "இனிஷியல் எங்க?" என்றேன்.

"ஓட்டையாண்ட வந்துடும்க்கா. பேரு மட்டும் இருந்தா போதாதா?"

"இனிஷியல் இல்லாம என்ன பேரு? போடு."

அவர் உளியை ஓட்டையின் விளிம்பில் வைத்துச் சுத்தியலால் டொக் டொக்கென்று அடித்தார்.

வீட்டில் பொருத்தியதும் நான்தான். கேண்டில்களை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டேன். காலையில் காம்பில் ரப்பர் வாஷர் மாட்டி, மேல் டிரம்மின் ஓட்டையில் இறக்கி, அடியிலிருந்து நட்டைப் போட்டுக் கை வலிக்க முறுக்கினேன். மேடை சரிமட்டமா என்று தட்டில் தண்ணீர் வைத்துப் பார்த்தேன். முதல் இரண்டு தடவை இறங்கிய தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும் என்று ஃபில்டரோடு வந்த காகிதத்தில் போட்டிருந்தது, நான் மூன்று தடவை கொட்டினேன். காலையில் ஊற்றினால் சாயங்காலம்தான் கீழ் டிரம் நிறையும் என்றும் போட்டிருந்தது. எனக்குச் சாதம் வடிப்பதற்குள் நிறைந்தது.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு கணக்கு டீச்சர் இருந்தார், மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை. அவர் வீட்டிலும் அதே மாதிரி ஃபில்டர்தான். வந்து பார்த்துவிட்டு, "எங்களுது சொட்டு சொட்டாத்தான் எறங்குது. உங்களுது என்ன இவ்ளோ வேகம்!" என்றார். "நட்டை நல்லா முறுக்கணும் டீச்சர், நீங்க லூசா விட்டிருப்பீங்க" என்று அவர் வீட்டுக்கே போய் முறுக்கிக் காட்டினேன். அவருடைய கேண்டில் கழுத்தில் முறிந்து கையோடு வந்தது. பாவம், அவரே வேறு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

இன்னொரு பெருமையும் சேர்ந்துகொண்டது. வாரம் ஒருமுறை கேண்டிலை எடுத்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். டீச்சர் வீட்டுக் கேண்டில் பழுப்பேறி வழவழவென்று இருக்கும். என்னுடையது வாங்கிய அன்றைக்கு எப்படியோ அப்படியே மல்லிகைப்பூ வெள்ளை. 

நவராத்திரிக்கு முந்தின வாரம் நான் கேண்டில் கழுவுவதைப் பார்த்துக்கொண்டிருந்த என் மகள் கேட்டாள். "ஏம்மா, டீச்சர் வீட்டுல கேண்டில் அழுக்கா இருக்கு. நம்மளது அழுக்கே ஆகலையே. அப்ப கிணத்து அழுக்கெல்லாம் எங்க போச்சு?"

நியாயமாக அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். "அவங்க கிணறு அழுக்கு. பாத்துப் பாத்து நான் பண்றதெல்லாம் உனக்கு இளப்பமா இருக்கா? போய்ப் படி!" என்று கத்தினேன். அவள் எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு தண்ணீரைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அடங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

நவம்பர் மழையில் கிணறு கலங்கியது. வாளியில் செம்மண் நிறம். ஊற்றினேன். கீழ் டிரம்மின் குழாயைத் திறந்து டம்ளரில் பிடித்தால், அடியில் லேசாக ஒரு பழுப்பு. கண்ணாடி டம்ளரில் பிடித்து ஜன்னலோரம் வைத்தேன். பழுப்புதான். வீட்டில் யாரும் இல்லாத மத்தியானம், கொல்லையிலிருந்து இரண்டு கைப்பிடி செம்மண் அள்ளி வந்து வேண்டுமென்றே மேல் டிரம்மில் கரைத்தேன். உட்கார்ந்து பார்த்தேன். அதிக நேரம் ஆகவில்லை. குழாயைத் திறந்தால் டீத் தண்ணீர் மாதிரி வந்தது.

கேண்டிலைக் கழற்றி, டிரம்மின் உள்பக்க அடியைத் துடைத்துவிட்டு விரலால் தடவினேன். சொரசொரவென்று கையில் தட்டியது. உளி அடித்த ஒவ்வொரு புள்ளியும் உள்ளே பொரிப் பொரியாக எழும்பி நின்றது, ஓட்டையின் விளிம்பு வரைக்கும். அந்த மேட்டின்மேல் ரப்பர் வாஷர் எப்படிப் படியும்? நான் முறுக்க முறுக்கத் தகடுதான் நெளிந்திருக்கிறது. அந்தச் சந்து வழியாகக் கிணற்றுத் தண்ணீர் கேண்டிலைத் தொடாமலேயே கீழே ஓடியிருக்கிறது. நான்கு மாதத்துக்கும் மேலாக. அந்த வேகத்தைத்தான் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. பெயர் வெட்டியவர் அன்றைக்கே சொன்னாரே, ஓட்டையாண்ட வந்துடும் என்று. 

சாயங்காலம் அவள் வந்ததும் முதல் வேலையாகச் சொல்லிவிடுவது என்று வாசலிலேயே நின்றேன். மறைத்தால் இன்னும் மோசம். "அம்மா ஒரு தப்பு பண்ணிட்டேன். ஃபில்டர்ல தண்ணி ஒழுகியிருக்கு. இத்தனை மாசமா நீ குடிச்சது கிணத்துத் தண்ணிதான். ஒடம்பு ஏதாவது பண்ணுதா? வயிறு வலிக்குதா? சொல்லு."

அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "நான் குடிக்கலம்மா."

"என்ன?"

"நீ கத்தின அன்னிலேருந்து குடிக்கல. டீச்சர் வீட்டுலேருந்து பாட்டில்ல பிடிச்சுட்டு வந்துடுவேன். நீ குடுக்கறதைக் கொல்லையில ஊத்திடுவேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேனே."

கிணறு கலங்கிய இந்த மழையில் இவள் தப்பித்தது என் கெட்டிக்காரத்தனத்தால் இல்லை, என் பேச்சைக் கேட்காததால். சந்தோஷத்தில் அவளைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, எங்காவது போய் முகத்தை ஒளித்துக்கொள்ளவும் தோன்றியது. "தோசை ஊத்தட்டுமா?" என்று மட்டும் கேட்டேன்.

ஃபில்டரை நான் விட்டுவிடவில்லை. மறுநாளே அம்மிக்கல்லில் டிரம்மை நிமிர்த்தி வைத்து, என் கணவர் அழுத்திப் பிடிக்க, உள்பக்க மேட்டை மரச்சுத்தியலால் தட்டி முடிந்த அளவு அமுக்கினேன். "பானையா இருந்தா பேரே வெட்டியிருக்க முடியாது" என்றார் அவர். பேசாமல் பிடிக்கச் சொன்னேன். அப்புறமும் ஒழுகியது. கேம்ப் ரோடு பக்கம் பம்புசெட் சாமான் விற்கிற கடையில் தடியாக, மெத்தென்ற ரப்பர் வாஷர் கிடைத்தது. மேலே ஒன்று கீழே ஒன்று போட்டு, இந்தத் தடவை நிதானமாக முறுக்கினேன். அது சரியாகும் வரை, வீட்டில் இருந்த மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் எரித்துத் தண்ணீர் காய்ச்சினேன். 

பிறகு அவளையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு மறுபடியும் செம்மண் கரைத்தேன். சாயங்காலம் கரைத்தது, காலையில்தான் கீழே ஒரு செம்பு தண்ணீர் சேர்ந்திருந்தது. கண்ணாடி டம்ளரில் பிடித்தால் பளிங்கு. மேலே கேண்டில் இரண்டும் சேற்றில் முக்கி எடுத்தது போல இருந்தன. அந்த அழுக்கைப் பார்த்து நான் அடைந்த மகிழ்ச்சி கொஞ்சநஞ்சம் இல்லை.

அவளும் பார்த்தாள். "சரியாயிடுச்சும்மா" என்றாள். அன்று சாயங்காலமும் பாட்டிலை எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குத்தான் போனாள்.

அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி, தினமும் போனாள். நாங்கள் இரண்டு பேரும் எங்கள் ஃபில்டர் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தோம், எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. "இப்பதான் நல்லா இருக்குன்னு சொல்லிப் பாரேன்" என்றார் என் கணவர். நூறு தடவை வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் குடித்துவிடுவாள். குடித்துவிட்டுத் தேர்வு ஹாலில் உட்கார்ந்து, வயிறு என்ன செய்கிறது என்று யோசித்துக்கொண்டிருப்பாள். கேள்வித்தாளுக்கு முன்னால் அவளுக்கு அந்த நினைப்பு ஒரு நொடி வந்தாலும் அது என்னால்தான். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

முதல் தேர்வன்று காலை ஏழு மணிக்கு அவள் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாட்டிலோடு வாசலுக்குக் கிளம்பினாள். நான் பாட்டிலை அவள் கையிலிருந்து வாங்கினேன். என்ன சொல்லப் போகிறேனோ என்று முகம் சுண்டிவிட்டது அவளுக்கு.

"நீ உக்காந்து படி. நான் போய்ப் பிடிச்சுட்டு வரேன்."

டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினேன். "ஒரு பாட்டில் தண்ணி வேணும் டீச்சர், பொண்ணுக்கு."

"உங்க ஃபில்டர் சரியாயிடுச்சுன்னு சொன்னாளே?"

"ஃபில்டர் சரியாயிடுச்சு டீச்சர். என்னை நம்பறதுக்குத்தான் அவளுக்கு இன்னும் கொஞ்ச நாளாகும்."

டீச்சர் கதவை அகலத் திறந்து உள்ளே வழிவிட்டார். எல்லாத் தேர்வுக்கும் அதே மாதிரி போய் நின்று பிடித்து வந்தேன். அவள் ஒரு தேர்வையும் விடவில்லை.